ஏழு சட்டத் தேன்பெட்டி: அடிப்பலகை கழலுமானால் வாங்கலாம்

மாந்தோட்டத்திலும் தேசித் தோட்டத்திலும் வைப்பதற்கென்று வன்னியில் தச்சரிடம் செய்விக்கிற, அல்லது தேனீக் கூட்டத்தோடு சேர்த்து விலைக்கு வாங்குகிற, தேனீ வதை கட்டுவதற்கு ஏழு சட்டம் தொங்கவிட்ட மரப்பெட்டியைப் பற்றியது இது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்முடைய பொந்துத் தேனீக்கென்று வகுத்த அளவிலிருந்து வந்த பெட்டி. எவ்வளவு தேன் வரும் என்றுதான் வாங்குபவர் முதலில் கேட்பார். நோய் வந்தால் அதை இந்தப் பெட்டிக்குள் பார்க்க முடியுமா என்று கேட்பவர் குறைவு. ஆனால் கூட்டம் நிலைப்பது அதில்தான் இருக்கிறது.

மரவேலையைக் குறை சொல்ல முடியாது. உலர்ந்த பலகை, இறுக்கமான மூலைப் பொருத்து, தகரம் போர்த்த மூடி எல்லாம் சரி. குற்றம் அடிப்பலகையில். பல பெட்டிகளில் அதை ஆணி அடித்து நிரந்தரமாக இறுக்கிவிடுகிறார்கள். மெழுகுத்தூளும் இறந்த தேனீயும் குடம்பிகளின் (தேனீப் புழுக்களின்) மிச்சமும் அங்கேதான் சேரும். மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடுவதும் அந்தக் குப்பையில்தான். அடிப்பலகை தனியாகக் கழன்றால் கிழமைக்கொரு தடவை உருவி, சுரண்டி, வெயில் காட்டித் திருப்பிப் போட ஐந்து நிமிடம் போதும். ஆணி அடித்த பெட்டியில் எல்லாச் சட்டத்தையும் தூக்க வேண்டும். பொந்துத் தேனீ அடிக்கடி குழப்பினால் கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடும். அதற்குப் பயந்து பலர் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் திறக்கும்போது வதை முழுவதும் அந்துப் புழுவின் நூலாம்படையாக இருக்கும்.

அடுத்தது சட்ட இடைவெளி. வாங்கும்போது அடிமட்டம் கொண்டு போங்கள். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவுக்கு 30 முதல் 32 மி.மீ. வரை இருக்கவேண்டும். இத்தாலியத் தேனீக்கான 35 மி.மீ. கணக்கில் வெட்டிய பெட்டியும் கைக்கு வரும். அதில் நம்முடைய தேனீ இடைவெளியில் குறுக்கே வதை கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும். ஒட்டிய சட்டத்தை இழுத்தால் வதை கிழிந்து, குடம்பி நசிந்து, சில வேளை இராணியும் போய்விடும். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் 7 முதல் 9 மி.மீ. விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்குக் குறைந்தால் தேனீ போய்வர இடமிராது, கூடினால் வதை கட்டும். உட்புறத்தில் பெயின்ற், வார்னிஷ், கறையான் மருந்து எதுவும் பூசியிருக்கக் கூடாது. வெளிப்புறத்தில் பூசலாம்.

கூட்டத்தோடு சேர்த்து வாங்குவதென்றால் பெட்டியைவிடக் கூட்டத்தைத்தான் கூர்ந்து பார்க்கவேண்டும். குறைந்தது நான்கு சட்டமாவது தேனீ மூடி இருக்கட்டும். நடுச் சட்டத்தைத் தூக்கி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் வதை அறையின் அடிவரை விழும்படி பிடியுங்கள். நல்ல குடம்பி முத்துப்போல வெள்ளையாக, பிறை மாதிரிச் சுருண்டு கிடக்கும். மூடிய அறைகள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருக்கும். ஆங்காங்கே திறந்து, நடுவில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் கவனம்.

பைக்குடம்பி நோய் ஒரு வைரசால் வருவது. பொந்துத் தேனீயைத் தாக்கும் அதன் தாய்லாந்து வகையை 1976இல் அங்கு கண்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டிக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்ததும் அதுவே. குடம்பி நீளவாக்கில் மல்லாந்து, தலையை மேலே தூக்கியபடி இறந்திருக்கும். சிறு சாவணத்தால் தூக்கினால் நீர் நிறைந்த பை போல முழுதாக வெளியே வரும். காய்ந்த பின் தோணி வடிவத்தில் கறுத்த செதிலாகிவிடும். ஐரோப்பிய அழுகல் நோயில் குடம்பி முறுகிக் கோணலாக, மஞ்சள் நிறத்தில், புளித்த வாடையோடு கிடக்கும். அது பற்றீரியா. அமெரிக்க அழுகலைத் தெரிந்துகொள்ள நெருப்புக்குச்சி போதும். அறைக்குள் விட்டுக் கிளறி மெல்ல இழுத்தால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் கபில நூலாக இழுபடும். அதன் வித்தி பத்தாண்டுக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் சட்டத்தையும் வதையையும் எரித்துப் புதைப்பதைத் தவிர வழியில்லை.

பைக்குடம்பி நோய்க்கென்று யாராவது அன்ரிபயோற்றிக் தூள் தந்தால் வாங்க வேண்டாம். வைரசை அது ஒன்றும் செய்யாது, தேனில் மட்டும் எச்சமாக நிற்கும். செய்யக்கூடியது இராணியைச் சிறு கூண்டில் இரண்டு மூன்று கிழமை அடைத்து முட்டையிடுவதை நிறுத்துவது. புதிய குடம்பி இல்லாதபோது வைரசு பெருக இடமில்லை, தேனீக்களும் அறைகளைத் துப்புரவாக்கிவிடும். அந்தக் காலத்தில் சீனியும் தண்ணீரும் சம நிறையில் கரைத்துக் கொடுக்கலாம். வேறு கூட்டத்துத் தேனை ஊட்டவே கூடாது, அழுகல் நோய் அதன் வழியாகவும் வீடு மாறும்.

பெட்டியோடு வரும் நாலுகால் தாங்கி நல்ல உயரம். எறும்புக்காகக் காலின் கீழ் ஒயில் ஊற்றி வைக்கும் கிண்ணத்துக்கு மேலே ஒரு தகர வட்டம் கவிழ்த்துவிடுங்கள். இல்லையென்றால் மாரியில் மழைநீர் நிறைந்து ஒயில் வழிந்து மண்ணில் இறங்கும், தேனீயும் விழுந்து சாகும். மரத்திலிருந்து கிளை பெட்டியில் முட்டினால் கிண்ணம் இருந்தும் பயனில்லை, முசுறு மேல்வழியாக வந்துவிடும். வாசலைத் தென்கிழக்குப் பக்கம் திருப்பிப் பெட்டியைச் சற்று முன்னால் சாய்த்து வைத்தால் வாடைக்காற்று மழையும் சோளகமும் நேரே அடிக்காது.

தாங்கிக்குக் கறையான் ஏறும் என்று காலைச் சுற்றிப் பூச்சிநாசினி ஊற்றும் பழக்கம் இந்தப் பெட்டிக்கு மிகப் பெரிய எதிரி. பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஈரமண்ணில் தண்ணீர் உறிஞ்ச வரும் தேனீ நேரே நஞ்சைக் குடிக்கும். மரத்தின் வேரில் ஊற்றிய இமிடாகுளோபிரிட் தேனுக்கும் மகரந்தத்துக்கும் ஏறும், பூக்கும் காலத்துக்கு முன் ஊற்றினாலும் ஏறும். மரத்தடியில் பரப்பும் தழை மூடாக்கைத் தாங்கியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போட்டு, காலைச் செங்கல்லின் மேல் நிறுத்தினாலே கறையான் பெரிதாகத் தொல்லை தராது. பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் சேற்று நீரைத் தேடிப் போகாது.

செங்கபில மண் தோட்டத்தில் மரத்தடியைச் சுரண்டி வெறுமையாக வைப்பது அழகென்று நினைக்கிறார்கள். வெயிலில் அந்த மண் இறுகி, முதல் மழையில் மேல்மண் கரைந்து ஓடும். மரவரிசைகளுக்கு நடுவில் சணல் விதைத்தால் மண்ணுக்குத் தழையும் தேனீக்கு மகரந்தமும் கிடைக்கும், ஆனால் பூ விட்டபின் சில நாள் விட்டுத்தான் உழுது மடியுங்கள். தழைச்சத்து மட்டும் எண்ணிப் பூக்குமுன் மடிப்பவர்களுக்கு இது சிறு நட்டம்தான். மாம்பூ முடிந்த இடைக்காலத்தில் மூக்குத்திப் பூண்டும் துளசியும் ஓரமாக நின்றால் கூட்டம் பசியில்லாமல் இருக்கும். ஒரேவகை மகரந்தத்தை மட்டும் தின்னும் கூட்டம் நோயைத் தாங்காது. களைநாசினியால் ஓரத்தையும் கருக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கிளைபோசேற் என்ற களைநாசினி தேனீயின் குடல் பற்றீரியாவைக் குறைத்து வேறு தொற்றுக்கு இடம்கொடுக்கிறது என்று 2018இல் ஆய்வு வந்தது. தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தை மூடாக்கில்லாமல் விட்டுவிடுங்கள், மண்ணில் துளையிட்டு வாழும் தனித்தேனீகளுக்கு அது வேண்டும்.

இந்தப் பெட்டி இரண்டு மூன்று வாங்குகிறவர்கள் இரும்புக்கம்பியைக் காய்ச்சிப் பெட்டிக்கும் அதன் ஏழு சட்டத்துக்கும் ஒரே எண்ணைச் சூடு போட்டுவிடட்டும். சட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதற்காக மெலிந்த கூட்டத்துக்கு மற்றதிலிருந்து வதை மாற்றும்போதுதான் நோய் தோட்டம் முழுவதும் போகும். எண் இருந்தால் எந்தச் சட்டம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று மறக்காது. கழற்றும் அடிப்பலகைக்குத் தச்சர் கூடுதலாக ஏதாவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், இரண்டு பக்கமும் கொக்கி போடச் சொல்லுங்கள்.