தோட்டத்துல தாங்கு சுவர் கட்டப் போறீங்களா, ஒரு நிமிஷம் இதப் படிச்சிட்டுப் போங்க

3 மாச சம்பளம் போச்சுங்க. நேத்து ராத்திரி மழையில தோட்டத்துச் சுவரு சரிஞ்சு கிடக்கு, கட்டி முடிச்சு இன்னைக்கு 40வது நாள்.

வீட்டுக்குப் பின்னாடி சரிவு, மழைக்கு மழை மண்ணு கரைஞ்சு ஓடும், இடுப்பளவுக்கு ஒரு சுவர் கட்டி மேல சமப்படுத்திச் செடி வைக்கலாம்னு ஆசை. மேஸ்திரி, பிளம்பர்லாம் புக் பண்ணித் தர்ற ஒரு ஆப், பேரு வேணாம், அதுல ஆள் புடிச்சேன்.

வந்தவர் மொதல்ல பேசவே இல்ல. ஒரு பிடி மண்ணை எடுத்து தண்ணி விட்டுப் பிசைஞ்சு கயிறு மாதிரி திரிச்சாரு, அறுந்து போகல. "களிமண்ணு சார், தண்ணி குடிச்சா உப்பும். சுவருக்குப் பின்னாடி ஜல்லி போட்டு, தண்ணி வடிய அடியில ஓட்டை போட்ட பைப் விடணும், இல்லன்னா நிக்காது"ன்னாரு. அங்கதான் விழுந்தேன். இவ்ளோ தெரிஞ்ச ஆளு ஏமாத்துவாரான்னு மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டிட்டேன், 3 மாச சம்பளம்!

இப்ப இடிஞ்ச இடத்துல பாத்தா ஜல்லியும் இல்ல, பைப்பும் இல்ல. நான் ஆபீஸ் போன அன்னைக்கு தோண்டுன களிமண்ணையே திரும்பத் தள்ளி மூடியிருக்காங்க, திமிசு போட்டு இடிச்சு இறுக்கக் கூட இல்ல. முன்பக்கம் வீப் ஹோல், அதான் தண்ணி வடியுற ஓட்டைங்க, வரிசையா அழகா தெரியுது, உள்ள கம்பி விட்டா நாலு விரக்கடைக்கு மேல போகல, சும்மா ஷோவுக்குச் சொருகுன பைப் துண்டு. அஸ்திவாரம் ஒரு சாண் கூட இல்ல. தண்ணி வடிய வழியில்லாம பின்னாடி தேங்கி, மண்ணும் ஊறி, நடுவுல தொப்பை தள்ளி அப்புறம்தான் சாஞ்சிருக்கு. அந்தத் தொப்பை 10 நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சுது, போட்டோ அனுப்புனேன், "செட் ஆகுது சார்"னாரு. அடுத்த தடவ "மழை ஜாஸ்தி சார், நான் என்ன பண்ண". இப்ப போனே எடுக்கல.

ஆப்காரங்க கிட்ட கேட்டா வேலை முடிஞ்சதுன்னு ஓடிபி குடுத்தது நீங்கதானேங்கிறாங்க, அவரு வெளி ஆளாம், இவங்க வெறும் அறிமுகம் பண்றவங்களாம். கமிஷன் எடுக்குறப்ப மட்டும் நம்ம ஆளு போல. இதுவரைக்கும் மூணு புகார் நம்பர் வந்திருக்கு, மனுஷன் ஒருத்தரும் வரல.

எப்படிச் செக் பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல, கோவமா வருது. மண்ணு மூடுற அன்னைக்கு லீவு போட்டாவது பக்கத்துல நில்லுங்க. ஜல்லியையும் பைப்பையும் கண்ணால பாக்காம ஓடிபி குடுக்காதீங்க. ஒரு நல்ல மழை பாக்குற வரைக்கும் பாதிப் பணம் உங்க கையிலயே இருக்கட்டும். உயரம் ஜாஸ்தின்னா இன்ஜினியர் இல்லாம தொடவே தொடாதீங்க.

மறுபடியும் மூடாப்பு போட்டிருக்கு, மிச்சம் நிக்கிற பாதிச் சுவருக்குப் பின்னாடி தார்பாய் விரிக்கப் போறேன். 3 மாச சம்பளம்ங்க.