முட்டைக்கோஸ் ஒட்டு விதை: தன் ஒவ்வாமையா, ஆண்மலடா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஐப்பசியில் நாற்றுவிட வாங்கும் முட்டைக்கோஸ் விதை பெரும்பாலும் வீரிய ஒட்டுதான். அதை உண்டாக்க இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

பழைய வழி தன் ஒவ்வாமை. முட்டைக்கோஸ் பூ தன் மகரந்தத்தையே ஏற்காது. எஸ் என்ற மரபிடத்தில் ஒட்டியே கடத்தப்படும் இரண்டு மரபணுக்கள் இதற்குக் காரணம். ஒன்று சூல்முடியில் எஸ்ஆர்கே என்ற ஏற்பியைத் தருகிறது. மற்றது மகரந்தத்தின் மேற்பூச்சில் எஸ்சிஆர் என்ற சிறு புரதத்தைத் தருகிறது. இரண்டும் ஒரே எஸ் வகையாக இருந்தால் மகரந்தம் ஈரம் உறிஞ்சாமல் அங்கேயே நின்றுவிடும். மேற்பூச்சைப் பூசுவது தந்தைச் செடியின் மகரந்தப்பைத் திசு. அதனால் மகரந்தத்துக்குள் எந்த எஸ் இருக்கிறது என்பதல்ல, தந்தைச் செடியின் இரு எஸ்களில் எது ஓங்கி நிற்கிறது என்பதே முடிவு செய்யும். எஸ் வகைகளில் இரண்டு வகுப்பு உண்டு; முதல் வகுப்பு எஸ்கள் மகரந்தத்தில் இரண்டாம் வகுப்பை அடக்கிவிடும். இதைப் பார்க்காமல் பெற்றோரைத் தேர்ந்தால் கலப்பே பிடிக்காமல் போகலாம்.

எஸ் வேறான இரு தூய வரிசைகளை (குணம் மாறாமல் காத்துவரும் பெற்றோர் செடிகளை) அடுத்தடுத்து நட்டால் தேனீ கலந்துவிடும், இரு பக்கமும் ஒட்டு விதை அறுக்கலாம். இதுதான் இந்த வழியின் பெரிய லாபம். தொல்லை, பெற்றோர் வரிசையைக் காப்பதில். பூ விரிய 2 முதல் 4 நாள் இருக்கும் மொட்டில் இந்தத் தடை இன்னும் உருவாகியிருக்காது. அந்த மொட்டின் நுனியை இடுக்கியால் பிரித்து, அதே செடியில் உறைபோட்டு வைத்த விரிந்த பூவின் மகரந்தத்தைத் தடவி, மறுபடி உறை மாட்ட வேண்டும். அதைவிடச் சின்ன மொட்டில் சூல்முடி முதிர்ந்திருக்காது, விதை பிடிக்காது. ஆள்கூலியைக் குறைக்க, மூடிய குடிலில் கரியமில வாயுவை 3 முதல் 5 சதவீதத்துக்கு ஏற்றி விரிந்த பூவிலேயே தடையை உடைப்பவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இப்படித் தன் மகரந்தத்தாலேயே உண்டான விதை (தன்விதை) எடுத்தால் வரிசை நலிந்துபோகும். பூக்கும்போது வெயில் ஏறினால் தடை தளர்ந்து, ஒட்டு விதைக்குள் தன்விதையும் கலந்துவிடும்.

புதிய வழி ஓகுரா ஆண்மலடு, அதாவது பூவில் மகரந்தமே உருவாகாத நிலை. 1968-இல் ஜப்பானில் முள்ளங்கியில் ஓகுரா என்ற ஆய்வாளர் கண்டறிந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஓஆர்எஃப்138 என்ற மரபணு மகரந்தம் உருவாகாமல் தடுக்கிறது. அதனால் தாய் வரிசையில் தன்விதை கலக்க இடமில்லை. தாய் வரிசையைக் காக்க மொட்டு பிரிக்கவும் வேண்டாம், மகரந்தம் தரும் வளமான துணை வரிசையைப் பக்கத்தில் நட்டால் போதும். இந்தக் குணத்தை முட்டைக்கோஸுக்கு மாற்றியபோது, இலைக்குப் பச்சை தரும் முள்ளங்கியின் பசுங்கணிகமும் கூடவே வந்து குளிரில் இலை வெளுத்தது. சுவர் நீக்கிய செல்களை ஒன்றுசேர்க்கும் புரோட்டோபிளாஸ்ட் இணைவு அதைச் சரிசெய்தது. இந்தச் செல் இணைவை ஏற்காத இயற்கை வேளாண் சான்று விதிகளும் உண்டு. விதை தாய் வரிசையில் மட்டுமே கிடைக்கும். மகரந்தம் இல்லாத பூவைத் தேனீ தாண்டிப் போனால் காய் குறையும்.

விதை தயாரிப்பவராக இருந்தால் ஆண்மலட்டையே எடுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. தூய்மைக்கு அதுவே உறுதி. செம்மண்ணில் கோஸ் போடும் விவசாயிக்கு வேறுபாடு நாற்றங்காலில்தான் தெரியும். தன் ஒவ்வாமை வழி விதையில் சில நாற்று மட்டும் குன்றி, வெளிறி நின்றால் அவை தன்விதையாக இருக்கலாம், நடும்போதே கழித்துவிடுங்கள். இரண்டிலும் விதை எடுக்கும் எண்ணம் வேண்டாம். கோஸ் பூக்க 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிர் வாரக்கணக்கில் வேண்டும், செட்டிநாட்டில் அது கிடையாது.

முள்ளங்கி அப்படியல்ல. பூசா சேத்கி போன்ற ரகம் சமவெளியிலேயே பூத்துக் காய்க்கும், அதற்கும் தன் ஒவ்வாமை உண்டு. நாலைந்து செடியை மட்டும் விட்டுவைத்தால் பூ நிறைய வரும், காய் சுருங்கி உதிரும். இருபது முப்பது செடியாவது சேர்த்து விடுங்கள். ஒட்டு முள்ளங்கியாக இருந்தால் ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள்: மகரந்தப்பை சுருங்கித் தூளில்லாமல் இருந்தால் அது ஆண்மலடு, எத்தனை செடி விட்டாலும் தானாக விதை கட்டாது. தாளிப்புக் கடுகுக்கு இந்தக் கவலை இல்லை; அது தன் மகரந்தத்திலேயே பெரும்பாலும் விதை கட்டிவிடும்.