தூண்டிலுக்கு முதுகுப்பை: கடையில் வாங்குவதா, வீட்டில் தைப்பதா?

வெளிநாடுகளில் வேட்டைக்குப் போகிறவர்களில் தங்கள் முதுகுப்பையைத் தாங்களே தைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அந்த வேட்டைக்கு இடமில்லை. டெல்டா வயல்களில் நாரைக்கோ நீர்க்கோழிக்கோ கண்ணி வைத்தாலும் குற்றம்தான். ஆனால் விடியும் முன்பே தூண்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடக்கிறவர்களுக்கு அந்த வேட்டைப் பைகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உரசினால் சத்தம் வராத துணி, ரத்தமும் ஈரமும் மற்ற சாமான்களில் படாதபடி தனி இடம், வீடு திரும்பியதும் கழுவிக் காயப்போடுகிற வசதி: மூன்றுமே நமக்கும் வேண்டியவை.

கொள்ளிடம், வெண்ணாறு, கோரையாறு என்று சுற்றுகிற எனக்குப் பல வருஷமாகக் கடையில் வாங்கிய மலையேற்றப் பைதான் துணை. இப்போது நானே தைத்த கேன்வாஸ் பைக்கு மாறிவிட்டேன். திரும்பக் கடைப் பைக்குப் போகிற எண்ணமில்லை. அதனால் இந்த அலசல் தைத்த பையின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். துணி, பட்டை, கிளிப், ஃபோம் எல்லாம் சில்லறையில் வாங்கினால் நடுத்தரமான ஒரு கடைப் பையின் விலையை நெருங்கிவிடும். நம் உழைப்பு தனி. எடையிலும் கடைப் பைக்குத்தான் வெற்றி, கேன்வாஸ் கனம்தான். பார்வைக்கும் கடைப் பை நன்றாக இருக்கும். இதையெல்லாம் யாரும் விளக்கத் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு ஒன்றுதான். அதிலும் குறிப்பாக, மழைத் தடுப்பு எங்கே இருக்கிறது என்பது.

கடையில் விற்கிற நைலான், பாலியஸ்டர் பைகளை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணியின் மேல் வழவழப்பாக ஒரு படலம் தெரியும். பெரும்பாலும் அது பாலியூரித்தேன் பூச்சு. துணிக்குள் தண்ணீர் இறங்காமல் தடுப்பது அதுதான். இந்தப் பூச்சுக்கு இரண்டு எதிரிகள், வெப்பமும் காற்றில் இருக்கும் ஈரமும். ஈரம் அந்த ரசாயனப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், வெப்பம் அதை வேகப்படுத்தும். முதலில் உள்பக்கம் பிசுபிசுக்கும். அப்புறம் புளித்த வாடை வரும். கடைசியில் வெள்ளைச் செதில்களாக உதிர்ந்து, தூண்டில் முள் டப்பாவிலும் சாப்பாட்டுப் பொட்டலத்திலும் ஒட்டும். பையைப் பயன்படுத்தினால்தான் இது நடக்கும் என்றில்லை, சும்மா வைத்திருந்தாலும் நடக்கும்.

இதை நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, கடைமடை வரை தண்ணீர் வந்து, ஆறு நிறைந்து ஓடும் நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை குறைவு. அடுத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஜனவரி 28இல் அணை மூடி, ஆற்றில் தண்ணீர் வடிந்து மடுக்களில் மட்டும் தேங்கி நிற்கும்போதுதான் தூண்டிலுக்கு நல்ல காலம். ஆக வருஷத்தில் பாதி நாள் பை பரணிலோ பீரோவிலோ, காற்றோட்டம் இல்லாத புழுக்கத்தில் கிடக்கிறது. அந்தப் பூச்சைக் கெடுக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. வெளியே தையல் ஒன்றும் விட்டிருக்காது, பட்டை அறுந்திருக்காது, ஆனால் மழை தாங்காத பையாகிவிடும். பூச்சைச் சுரண்டி எடுக்கலாம், தரமாகத் திரும்பப் பூசுவது வீட்டில் ஆகிற வேலையில்லை. துணியோடு ஒட்டிப் பிறந்தது போனால், பையே போன மாதிரிதான்.

தானே தைக்கும்போது சுமை தாங்குவதையும் மழையைத் தடுப்பதையும் பிரித்துவிட முடிகிறது. வெளிப்பை பூச்சில்லாத கெட்டிக் கேன்வாஸ், சுமையைத் தாங்குவது மட்டும் அதன் வேலை. மழையைத் தடுக்கக் கழற்றி மாட்டுகிற தனி உள்ளுறை. நான் அதற்கு உரச் சாக்கைப் பயன்படுத்துகிறேன். உள்ளே பிளாஸ்டிக் லைனர் இருக்கிற 45 கிலோ யூரியா சாக்கு டெல்டாவில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கிடைக்கும். பல தடவை அலசி உப்புப் போக்கி, லைனரைத் தனியாக எடுத்து, சாக்கைப் பையின் அளவுக்குக் குறுக்கித் தைத்து, அதற்குள் லைனரைத் திரும்பப் போட்டால் உள்ளுறை தயார். சோற்றுப் பொட்டலத்தை மட்டும் அதில் நேரடியாக வைக்க வேண்டாம், டப்பாவில் வையுங்கள். உள்ளுறை வெளிப்பையைவிட இரண்டு மூன்று விரற்கடை பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் கனம் கேன்வாஸில் இறங்கும். அளவு சரியாக இருந்தாலோ சிறுத்தாலோ, இழுவை முழுக்க உறையின் தையலில் விழுந்து முதல் நாளே பிளக்கும். லைனர் கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், பைக்கு ஒன்றும் ஆகாது.

தோள்பட்டையிலும் இதே வித்தியாசம்தான். கடைப் பையில் ஃபோமை உள்ளே வைத்து நாலு பக்கமும் மூடித் தைத்துவிடுகிறார்கள். விலை குறைந்தவற்றில் அது சாதாரண ஸ்பாஞ்ச். வேர்வையையும் சேற்றுத் தண்ணீரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை வெயிலில் போட்டாலும் நடுவில் ஈரம் தங்கும். பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடுகிற முத்துப்பேட்டைப் பக்கம் மடவைக்கும் கொடுவாவுக்கும் போய்வந்தால் இன்னும் மோசம். உப்பு ஏறிய ஸ்பாஞ்ச் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுக்கும். என் பையில் பட்டையின் கீழ்முனையைத் தைக்காமல் மடிப்பு மூடி வைத்திருக்கிறேன். அதன் வழியே ஃபோமை உருவிவிடலாம். தண்ணீர் குடிக்காத இவிஏ ஃபோம்தான், 10 மில்லிமீட்டர் கனம். உருவித் துடைத்து நிழலில் வைத்துவிட்டு, வெறும் துணிப் பட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போடுகிறேன். மீன் வாடை போகிற இடம் இதுதான். கவிச்சி பையின் நடுவில் தங்குவதில்லை, தையல் மடிப்பிலும் பட்டை முனையிலும்தான் ஒளிந்திருக்கும்.

மீனுக்கென்று பைக்குள் அறை வைக்க வேண்டாம். வேட்டைப் பைகளில் முதுகுச் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியை வைத்துக் கட்ட ஒரு தட்டு விடுவார்கள். ரத்தம் சாமானில் படாது. அதே யோசனையில், பையின் வெளிமுகத்தில் இரண்டு குறுக்குப் பட்டைகள் தைத்து, வலைப்பையில் மீனைப் போட்டு அங்கே கட்டிக்கொள்கிறேன். அடியில் இரண்டு பித்தளைக் கண்கள் அடித்தால் தண்ணீர் வடிந்துவிடும். இரும்புக் கண் துருப்பிடித்துத் துணியை அரிக்கும்.

ஜிப் விஷயத்திலும் எனக்கு அனுபவம் உண்டு. கொள்ளிடத்து மணலும் வாய்க்கால் வண்டலும் ஜிப்புக்குள் புகுந்து அரம் மாதிரி அராவும். தேய்வது பெரும்பாலும் பல் அல்ல, ரன்னர்தான். ரன்னர் அகன்றுவிட்டால் இழுத்த பிறகும் ஜிப் வாய் பிளக்கும். கடைப் பை அப்படி ஆனால் முழு ஜிப்பையும் மாற்றாமல் ரன்னரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், பல சமயம் அதுவே போதும். தைக்கிற பையில் நான் ஜிப்பே வைக்கவில்லை. வாயை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தி வெட்டி, மூன்று சுருட்டாகச் சுருட்டி, பக்கவாட்டில் கிளிப் மாட்டுகிறேன். சுருட்டு வாயில் அவசரத்துக்கு அடியில் இருப்பதை எடுப்பது சிரமம், அது உண்மை. அதற்கு வெளியே ஒரு சின்னப் பாக்கெட் போதும்.

கேன்வாஸுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. விராலுக்குக் காலடி அதிர்வு கொஞ்சம் கேட்டாலே போதும், மேலே மூச்சு வாங்க வந்தது சத்தமில்லாமல் இறங்கிவிடும். பூச்சுள்ள நைலான் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். கோரையிலும் நாணலிலும் உரசும்போது இன்னும் அதிகம். துவைத்துப் பழகிய கேன்வாஸ் அப்படிச் சத்தம் போடாது. மீன் விலகுவது பையின் சத்தத்தாலா, நடையாலா என்று என்னால் அறுதியிட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நடக்கிறவனின் கவனம் பையில் போகாமல் தண்ணீரில் இருக்கிறது, அது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கேன்வாஸின் குறையையும் சொல்ல வேண்டும். பருத்தி ஈரத்தில் கனக்கும், மெதுவாகக் காயும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும், விட்டுவிட்டால் இற்றும் போகும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்துத் தொங்கவிடுகிறேன். கரும்புள்ளி விழுந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்து நல்ல வெயிலில் வைத்தால் அடங்கும், கறை மட்டும் நிற்கும். சோம்பல் பட்டால் கேன்வாஸ் பழிவாங்கும். துவைக்க நேரமில்லாதவர்கள் கடைப் பையோடு இருப்பதே மேல்.

கடைப் பை ஜெயிக்கிற இடங்களும் இருக்கின்றன. பல நாள் கூடாரச் சுமையோடு மலையேறுகிறவர்களுக்கு இடுப்புப் பட்டையும் உள்சட்டமும் உள்ள பைதான் சரி. சுமை இடுப்பில் இறங்க வேண்டும், அந்த வேலையை வீட்டு மெஷினில் சரியாகக் கொண்டுவருவது கஷ்டம். என் நடை எல்லாம் சமதரையில், ஒரு பகல் பொழுதுக்கானது. அதற்கு மேல் நான் தைத்த பையைத் தூக்கிப் பார்த்ததில்லை, ஆகவே அதற்கு நான் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, பை தைக்கிற கடையில் கொடுப்பது. அவர்கள் மெஷின் எட்டு மடிப்பையும் குத்தும், தையல் நேராக வரும். ஆனால் உருவுகிற ஃபோம், தனி உள்ளுறை என்று சொன்னால் பலர் யோசிப்பார்கள். எனக்குத் தெரிந்த கடைக்காரர், "தம்பி, மூடித் தைச்சாத்தான் பை மாதிரி இருக்கும்" என்றார். அவர் தொழில் கண்ணுக்கு அது சரி. நான் செய்வது இரண்டும் கலந்த வழி. உடம்பை வீட்டில் தைத்துவிட்டு, தோள்பட்டை முதுகில் சேருகிற இடத்தை மட்டும் அவரிடம் கொடுத்து, சதுரம் போட்டு நடுவே குறுக்குக் கோடுகளோடு அடிக்கச் சொல்கிறேன். மொத்தச் சுமையும் தொங்குகிற இடம் அது.

தைக்கிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவையுங்கள், கேன்வாஸ் சுருங்கும். வாயைச் சுருட்டி மூடிய நிலையில் 30 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம், 15 ஆழம் என்றால் 20 லிட்டர் கொள்ளும், ஒரு நாளைக்குத் தாராளம். சுருட்டுக்கான உயரம் தனி. வீட்டுக் கால்மிதி மெஷின் போதும், ஊசி 18ஆம் நம்பர், நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் துணிக்கு முன்பே இற்றுவிடும். தையல் அடியைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள், பொடித் தையல் கெட்டித் துணியில் வரிசையாகத் துளையிட்டுக் கிழிகிற கோடாக்கிவிடும். ஜீன்ஸ் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டால் பிசிறு தெரியாது, சேறு தங்கவும் இடமிருக்காது. மடிப்பு கூடுகிற மூலைகளில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அடிப்பாகத்துக்கு மட்டும் லாரித் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை வெளியே வைத்துத் தைத்தால், ஈரக் கரையில் இறக்கி வைக்கப் பயமில்லை. பட்டை வாங்கும்போது பாலியஸ்டர் கேளுங்கள், வெயிலில் அது நைலானைவிட நிற்கும். மலிவான பாலிப்ரொப்பிலீன் பட்டை வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும், அட்ஜஸ்டரில் வழுக்கவும் செய்யும்.

முழுப்பை தைக்கத் தயக்கமாக இருந்தால் உள்ளுறையை மட்டும் முதலில் தைத்து, இப்போது கையில் இருக்கிற கடைப் பைக்குள் போட்டு ஒரு பருவம் நடந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்து ஒதுக்கி வைத்த பழைய பை இருந்தால் அதற்கும் இதே உறை போதும். உள்பக்கத்தை ஒரு தடவை நன்றாகச் சுரண்டிக் கழுவிவிட்டுப் போடுங்கள்.