மூன்று முட்டைகளுக்காக ஐந்து வாரம்: செர்ரி-காரர்டின் அண்டார்க்டிக் பயண நூல்

உலகப் பயணத்துக்கு ஆசையைத் தூண்டும் நூல்கள் என்று கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள். பக்கத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு நான்கு வரி வருணனை என்று அவை ஓடும். புரட்டி முடித்தபின் எந்த ஊரும் மனத்தில் தங்காது. ஏனென்றால் அங்கே போன ஒருவர் என்ன சாப்பிட்டார், எதைச் சுமந்தார், எதற்காகப் பயந்தார் என்ற எதுவும் அவற்றில் இருப்பதில்லை. இந்த வகை நூல்களுக்கு நேர் எதிரே நிற்பது ஆப்ஸ்லி செர்ரி-காரர்ட் 1922இல் வெளியிட்ட 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்'. உலகிலேயே மிக மோசமான பயணம் என்று அட்டையிலேயே அறிவித்துவிடும் ஒரு நூலைப் பயண விருப்பம் உள்ளவர்களுக்கு முதல் நூலாகப் பரிந்துரைப்பது முரணாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பயணத்தை அதன் அன்றாட வேலைகளின் வழியே இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய வேறொரு நூலை நான் படித்ததில்லை. அந்த நுணுக்கமே படிப்பவரைக் கிளம்பத் தூண்டுகிறது என்பது என் கணிப்பு.

1910 ஜூன் 15 அன்று கார்டிஃப் துறைமுகத்திலிருந்து 'டெர்ரா நோவா' என்ற கப்பலில் புறப்பட்ட கேப்டன் ஸ்காட்டின் அண்டார்க்டிக் ஆய்வுக் குழுவில் செர்ரி-காரர்ட் மிக இளையவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது 24. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தவர். விலங்கியலில் முறையான பயிற்சி கிடையாது. கண்ணாடி இல்லாமல் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாதவர். குழுவின் செலவுக்கு 1,000 பவுண்டு கொடுத்ததும், குழுவின் தலைமை விஞ்ஞானி எட்வர்ட் வில்சன் அவருக்காகப் பரிந்து பேசியதும் சேர்ந்தே அவருக்கு உதவி விலங்கியலாளர் என்ற இடத்தைப் பெற்றுத் தந்தன. வீரனாகப் பிறந்த ஒருவனின் குரல் இந்த நூலில் எங்கும் ஒலிக்காததற்கு இந்தப் பின்னணியே காரணம் என்று நினைக்கிறேன். தன்னைவிட வலிமையான மனிதர்களுக்கு நடுவே எப்படியாவது ஈடுகொடுக்க வேண்டும் என்று முயன்ற ஒருவரின் கவனிப்பு இது. அதனாலேயே மற்றவர்களின் குணங்களை அவர் இவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறார்.

தலைப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மிக மோசமான பயணம் என்று ஆசிரியர் சொல்வது, ஸ்காட்டும் நான்கு தோழர்களும் தென்துருவத்தை எட்டித் திரும்பும் வழியில் மடிந்த பயணத்தை அன்று. அது தொடங்குவதற்கு முன்பே, 1911 ஜூன் 27 முதல் ஆகஸ்ட் 1 வரை, துருவக் குளிர்காலத்தின் முழு இருளில் வில்சனும் ஹென்றி பவர்ஸும் செர்ரி-காரர்டும் மேற்கொண்ட ஒரு தனிப் பயணமே அது. ராஸ் தீவின் மேற்குக் கரையில் எவன்ஸ் முனையில் இருந்த தங்கள் குடிலிலிருந்து, தீவின் கிழக்குக் கோடியில் உள்ள குரோசியர் முனைக்கு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவை அவர்கள் சறுக்கு வண்டி இழுத்துக் கடந்தார்கள். நோக்கம், எம்பரர் பெங்குவினின் முட்டைகளைக் கொண்டுவருவது. பெங்குவின் மிகப் பழமையான பறவையினம் என்றும், ஓர் உயிரின் கரு வளரும்போது அதன் மூதாதையரின் வடிவங்களை வரிசையாகக் கடந்து வருகிறது என்றும் அந்தக் காலத்தில் ஒரு கருத்து இருந்தது. அப்படியானால் அந்த முட்டைக்குள் இருக்கும் கரு, பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள உறவைக் காட்டிவிடும் என்று வில்சன் நம்பினார். ஸ்காட்டின் முந்தைய பயணத்தில் வசந்த காலத்திலேயே அங்கே குஞ்சுகள் காணப்பட்டதால், முட்டை நடுக்குளிர்காலத்தில்தான் இடப்பட வேண்டும். ஆகவே இருளில் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தப் பயணத்தைச் சொல்லும் ஏழாம் அத்தியாயம் நூலின் உயிர்நிலை. இரண்டு சறுக்கு வண்டிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 343 கிலோ, அதாவது ஆளுக்கு 115 கிலோ சுமை. பனிப்பரப்பு மணலைப்போலப் பிடித்துக்கொண்டதால் இரண்டு வண்டிகளையும் ஒன்றாக இழுக்க முடியவில்லை. ஒன்றைக் கொஞ்சத் தூரம் இழுத்து நிறுத்திவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கள் காலடித் தடத்தையே தேடிக்கொண்டு திரும்பிவந்து மற்றதை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடக்க வேண்டும். நாள் முழுவதும் உழைத்து ஒன்றரை மைல்கூடத் தாண்டாத நாள்கள் உண்டு. வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. போய்ச் சேரவே 19 நாள் ஆயிற்று.

இவையெல்லாம் எண்கள். செர்ரி-காரர்டின் திறமை, எண்ணுக்குப் பின்னால் உடம்பு என்ன செய்தது என்று சொல்வதில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர் சுற்றிப் பார்க்கத் தலையை நிமிர்த்துகிறார். சில நொடிகளில் உடை அப்படியே உறைந்து இறுகிவிட, தலையைத் தாழ்த்த முடியாமல் நான்கு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடியே வண்டி இழுக்கிறார். அன்று முதல் மூவரும் வெளியே வந்தவுடன், உடை உறைவதற்குள், வண்டி இழுப்பதற்கு ஏற்றபடி குனிந்து நின்றுகொள்ளப் பழகினார்களாம். விரலில் எழுந்த கொப்புளங்களுக்குள் இருந்த நீர் உறைந்து பனிக்கட்டியானது. பற்களின் நரம்பு செத்துப் பற்கள் உடைந்தன. உடம்பின் ஈரமும் மூச்சின் ஈரமும் உறைந்து சேர்ந்ததில் மூன்று ஸ்லீப்பிங் பேக்குகளின் மொத்த எடை, திரும்பி வரும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. இரவு என்பது ஓய்வு நேரமாக இல்லாமல், இறுகிப்போன அந்தப் பைக்குள் அங்குலம் அங்குலமாக உடம்பைத் திணித்து நடுங்கிக் கிடக்கும் தண்டனை நேரமாக மாறிவிட்டதை அவர் ஆத்திரமோ அழுகையோ இல்லாமல், பக்கத்தில் பவர்ஸ் விட்ட குறட்டையையும் சேர்த்துக்கொண்டு எழுதுகிறார்.

உணவைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்து வரவிருந்த துருவப் பயணத்துக்கு எந்த உணவு ஏற்றது என்று கண்டறிய, மூவரும் பிஸ்கட், வெண்ணெய், பெம்மிக்கன் என்ற மூன்றை வெவ்வேறு அளவில் சாப்பிட்டுப் பார்த்தார்கள். உலர்த்திப் பொடித்த இறைச்சியைக் கொழுப்போடு கலந்து கட்டியாக்குவதே பெம்மிக்கன். பிஸ்கட்டை மிகுதியாக எடுத்துக்கொண்ட செர்ரி-காரர்டுக்குக் கொழுப்பின் மேல் தீராத ஆசை வந்தது. வெண்ணெயை மிகுதியாக எடுத்துக்கொண்ட வில்சனால் தன் பங்கைத் தின்று முடிக்க முடியவில்லை. உயிர் ஊசலாடும் நிலையிலும் மூன்று பேர் தங்கள் வயிற்றையே ஆய்வுக்கூடமாக்கிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது, அந்தக் குழுவின் இயல்பைப் பெரிய வசனங்கள் எதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

குரோசியர் முனையில் கல்லை அடுக்கிக் குடில் கட்டி, சறுக்கு வண்டியை உத்திரமாக வைத்துக் கித்தானால் கூரை போடுகிறார்கள். பெங்குவின் கூட்டத்தை எட்டி ஐந்து முட்டைகளை எடுக்கிறார்கள். இருட்டில் கண் தெரியாமல் தடுமாறிய செர்ரி-காரர்டின் கையுறைக்குள் இருந்த இரண்டும் உடைந்து, மூன்று மிஞ்சுகின்றன. அடுத்து வந்த பனிப்புயலில் முதலில் கூடாரம் பறந்துபோகிறது. பிறகு, வில்சனின் பிறந்தநாளன்று, கூரையும் கிழிந்து போகிறது. கூடாரம் இல்லாமல் திரும்ப முடியாது என்பது மூவருக்கும் தெரியும். பைக்குள் முடங்கி, மேலே பனி மூட, ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டு புயல் ஓயக் காத்திருக்கிறார்கள். ஓய்ந்ததும் தேடிப்போன இடத்தில், அரை மைல் தள்ளி, சரிவின் அடியில், பெரிய சேதமில்லாமல் கூடாரம் கிடக்கிறது. அவ்வளவு நடந்தும் மூவருக்குள் ஒரு கடுஞ்சொல் எழவில்லை என்றும், 'தயவுசெய்து', 'நன்றி' என்ற சொற்களைக் கடைசி வரை விடவில்லை என்றும் ஆசிரியர் பதிவு செய்கிறார். கூட்டமாகப் பயணம் போய்ப் பழகியவர்களுக்கு இதுதான் நூலிலேயே நம்பக் கடினமான செய்தியாக இருக்கும்.

முட்டைகளின் கதை லண்டனில் முடிகிறது. 1913இல் செர்ரி-காரர்ட் அவற்றை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த அலுவலர் அவரைப் பொருட்படுத்தாமல் காக்கவைத்ததையும், பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது வாங்க அவர் பட்ட பாட்டையும் ஒரு சிறு நாடகம்போல எழுதியிருக்கிறார். அங்கதம் நிறைந்த இந்த இரண்டு மூன்று பக்கங்களைப் படிக்கும்போது, அவருடைய அண்டை வீட்டுக்காரரும் எழுத்தில் அவருக்கு ஆலோசனை சொன்னவருமான பெர்னாட் ஷாவின் நினைவு வராமல் போகாது. அந்தக் கருக்கள் முழுமையாக ஆராயப்பட்டு அறிக்கை வெளிவருவதற்குள் 1934 ஆகிவிட்டது. அதற்குள், கரு தன் மூதாதையரின் வடிவங்களைக் கடந்து வளர்கிறது என்ற அந்தக் கருத்தே அறிவியலில் செல்வாக்கு இழந்திருந்தது.

நூலின் பிற்பகுதியின் நிறம் வேறு. 1912 மார்ச் 3 அன்று நாய் வண்டியோடு 'ஒன் டன்' என்ற உணவுக் கிடங்கை அடைந்த செர்ரி-காரர்ட், 10ஆம் தேதி வரை அங்கே ஸ்காட்டுக்காகக் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். நாய்களைப் பலிகொடுக்கக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. மேலே போக நாய்த்தீனி இல்லை. காத்திருந்த நாள்களில் பாதிக்கு மேல் பனிப்புயல். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று, அதே கிடங்கிலிருந்து 11 மைல் தொலைவில், ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரின் உடல்களும் கூடாரத்துக்குள் கண்டெடுக்கப்பட்டன. தேடிப்போன குழுவில் அவரும் இருந்தார். குளிர்காலப் பயணத்தில் தன்னோடு உயிர் பிழைத்த இருவரையும் அவர் அங்கே பிணமாகக் கண்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அந்த மார்ச் வாரத்தை அவர் ஏன் மீண்டும் மீண்டும் கணக்குப் பார்க்கிறார் என்பது விளங்கும். தன் தரப்பை நிறுவவே எழுதினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; நிறுவ விரும்பியவர் தனக்கு எதிரான கேள்விகளையும் இவ்வளவு விரிவாக அடுக்கியிருக்க மாட்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 600 பக்க நூலில் தென்னாப்பிரிக்கா வரையிலான கடல் பயணப் பகுதி இழுத்துக்கொண்டே போகிறது. அங்கங்கே பிறர் நாட்குறிப்புகளை அப்படியே பல பக்கங்களுக்கு ஒட்டியிருப்பதால் குரல் மாறி மாறி ஒலிக்கிறது. ஆனால் மாலுமி வில்லியம் லாஷ்லியின் நாட்குறிப்பை அவருடைய எளிய நடையிலேயே சேர்த்தது நல்ல முடிவு. நோயுற்ற லெப்டினன்ட் எவன்ஸை லாஷ்லியும் டாம் கிரீனும் வண்டியில் வைத்து இழுத்து வந்ததும், பிறகு கிரீன் மட்டும் உதவி தேடித் தனியாக 35 மைல் நடந்ததும் அதில்தான் நேரடியாகக் கிடைக்கின்றன; அதிகாரிகளின் பேச்சே நிறைந்த நூலில் மாலுமிகளுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணமும் அப்போதுதான் எழுகிறது. மட்டக்குதிரைகள் படும் பாடு, குறிப்பாக உடைந்து மிதக்கும் கடற்பனியில் அவை சிக்கிக்கொள்ளும் பகுதி, விலங்குகளிடம் இரக்கம் உள்ளவர்களால் எளிதில் படிக்கக் கூடியது அன்று.

நம் வாசகருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. குளிரை ஆசிரியர் ஃபாரன்ஹீட்டில் தருகிறார். அதிலும் பல இடங்களில் நீர் உறையும் நிலைக்குக் கீழே எத்தனை டிகிரி என்று கணக்கிட்டுச் சொல்கிறார். ஆகவே 109 டிகிரி உறைகுளிர் என்று அவர் எழுதினால் அது மைனஸ் 77 ஃபாரன்ஹீட் என்று பொருள். தொலைவிலும் சாதாரண மைலும் அதைவிடச் சற்று நீளமான புவியியல் மைலும் கலந்து வருகின்றன. தொடக்கத்திலேயே இதைக் குறித்துக்கொண்டால் குழப்பம் இராது.

ஆசிரியர் 1959இல் இறந்ததால் இந்தியச் சட்டப்படி 2020 முதல் நூலுக்குக் காப்புரிமை இல்லை. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும், காசு கொடுத்து அச்சு நூல் வாங்குபவர்கள் வரைபடங்களும் வில்சனின் ஓவியங்களும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வரைபடம் இல்லாத மலிவுப் பதிப்பில் எவன்ஸ் முனை எங்கே, குரோசியர் முனை எங்கே என்று தெரியாமல் தவிக்க நேரும்.

இந்நூல் தூண்டும் பயணங்கள் எல்லாமே அண்டார்க்டிகாவுக்குப் போவதாக இருக்க வேண்டியதில்லை. நியூசிலாந்திலிருந்து ராஸ் கடலுக்குப் போகும் கப்பல்களின் கட்டணம் நம்மில் பலருக்கு எட்டாது. ஆனால் இங்கிலாந்து போகிறவர்கள் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தையும், வில்சன் பிறந்த செல்டன்ஹாமில் நிற்கும் அவர் சிலையையும் பார்க்கலாம். அந்தச் சிலையை வடித்தவர் ஸ்காட்டின் மனைவி கேத்லீன்.

முதல்முறை படிப்பவர்கள் முன்னுரையைப் படித்துவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குவது நல்லது. உணவுக் கிடங்குகள் அமைக்கும் அந்தப் பயணம் புரிந்தால்தான் பின்னால் வரும் துயரத்தின் கணக்கு புரியும். குளிர்காலப் பயணத்தை மட்டும் பிரித்தெடுத்த சுருக்கப் பதிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பரிசாகக் கொடுப்பதானால், மலையேற்றத்துக்கோ நெடும் நடைப்பயணத்துக்கோ முதல்முறையாகப் பை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கொடுக்கலாம். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதில் அவருக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது.