சென்னையிலிருந்து நெல்லைக்கு ரெண்டு வயசுப் பிள்ளையோடு: எதில் போவது?

சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ராத்திரி ரயில், வந்தே பாரத், படுக்கை வசதி பஸ், சொந்தக் கார், தூத்துக்குடி வழியாக விமானம் என்று போய்ச்சேரப் பல வழி இருக்கிறது. பெரியவர்கள் மட்டும் போவதென்றால் காசையும் நேரத்தையும் பார்த்து முடிவெடுத்துவிடலாம். நடக்கப் பழகிய, ஆனால் சொன்னால் கேட்கிற வயசு இன்னும் வராத பிள்ளை கூட இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. உட்கார்ந்தே போகும் எட்டு மணி நேரம், படுத்துப் போகும் பதினொரு மணி நேரத்தைவிட நீளமாகிவிடும். பிள்ளை காலை நீட்டிப் படுக்க வேண்டும், இறங்கி நாலு எட்டு வைக்க வேண்டும், கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த வயசில் இதெல்லாம் ஒன்றாகக் கிடைப்பது ராத்திரி ரயிலில்தான் என்பது என் தீர்மானம். மற்றவை எங்கே இடறுகின்றன என்று தெரிந்திருந்தால், வேறு வழியில்லாத நேரத்தில் சமாளிக்கலாம்.

ராத்திரி ரயில்களிலும் நான் முதலில் பார்ப்பது நெல்லை எக்ஸ்பிரஸை. அனந்தபுரியும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் நெல்லை வழியாகத்தான் போகின்றன. ஆனால் அவற்றுக்கு நெல்லை இடையில் வரும் ஒரு நிறுத்தம். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அதுவே கடைசி நிலையம். தூங்குகிற பிள்ளை ஒரு தோளில், பை இன்னொரு தோளில் என்று வண்டி கிளம்புவதற்குள் இறங்கியாக வேண்டிய பதற்றம் இதில் கிடையாது. கூட்டமெல்லாம் இறங்கிப் போகட்டும் என்று உட்கார்ந்து, பிள்ளைக்குச் செருப்பு மாட்டி, சீட்டுக்கு அடியில் உருண்டுபோன பால் பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கலாம். திரும்பி வரும்போது நெல்லையில் ஏறவும் அதே நிதானம் கிடைக்கும். சென்னையில் வண்டி எங்கே புறப்படுகிறதோ அங்கேயே ஏறுவது நல்லது. தாம்பரம் வீட்டுக்குப் பக்கம் என்று நடுவழியில் ஏறினால், அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் பெட்டியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடக்கும் காலங்களில் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்தே விடுகிறார்கள். டிக்கெட்டிலும் குறுஞ்செய்தியிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். தனிப் படுக்கையும் கிடையாது. வேண்டுமென்றால் முழுக் கட்டணம் கட்டித் தனிப் படுக்கை எடுக்கலாம். ரெண்டு வயசுக்கு அது தேவையில்லை, எப்படியும் அம்மாவை ஒட்டித்தான் படுக்கும். கட்டாயம் வேண்டியது கீழ்ப் படுக்கை. ஐஆர்சிடிசியில் பதிவு செய்யும்போது, ஒரு கீழ்ப் படுக்கையாவது ஒதுக்கினால் மட்டுமே டிக்கெட் போடு என்று சொல்கிற ஒரு தெரிவு உண்டு. பலரும் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நடுப் படுக்கையில் பிள்ளையோடு படுத்தால் அம்மாவுக்குப் பொட்டுத் தூக்கம் வராது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், பொங்கல், தீபாவளிக்கு அந்த அறுபதாவது நாள் காலையில் கைப்பேசியோடு உட்கார்ந்தால்தான் கீழ்ப் படுக்கை வாய்க்கும்.

படுக்கிற விதமும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெட்டியின் சுவரை ஒட்டி, அம்மா வெளிப்பக்கம். ஒரு ஆள் படுக்கும் அகலம்தான், அம்மா பாதி முதுகில்தான் படுத்திருப்பாள். சூட்கேஸைச் சீட்டுக்கு அடியில் முழுக்கத் தள்ளாமல், பாதி வெளியே நிற்கிற மாதிரி படுக்கையை ஒட்டி நீளவாக்கில் வைத்து, அதன்மேல் கம்பளியை நாலாக மடித்துப் போடுங்கள். நடுராத்திரியில் அம்மா கழிவறைக்கு எழுந்துபோன நேரம் பிள்ளை புரண்டாலும் தரையில் விழாது. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை வேண்டாம். நடைபாதையில் போகிற வருகிற பைகளெல்லாம் தலைமாட்டில் இடிக்கும். 2022 மே மாதம் லக்னோ மெயிலில், கீழ்ப் படுக்கையோடு சேர்த்துத் தடுப்புக் கம்பியுடன் குழந்தைக்கென ஒரு சிறு படுக்கையைப் பொருத்திச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பக்கத்து வண்டிகளிலும் அது வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

வகுப்பு எது என்றால், கையில் காசு இருந்தால் மூன்றடுக்கு ஏசி. விரிப்பும் கம்பளியும் தருகிறார்கள், தூசி இல்லை, ராத்திரி விளக்கு சீக்கிரம் அணைகிறது. ஏசி எகானமியில் கட்டணம் கொஞ்சம் குறைவு; ஆனால் பெட்டிக்குள் படுக்கைகளைக் கூடுதலாகச் சேர்த்திருப்பதால் பிள்ளை இறங்கி நிற்கிற இடம் சுருங்கிவிடும். ஸ்லீப்பர் மோசமில்லை. காற்று வரும், செலவு குறைவு. பண்டிகை நாட்களில் மட்டும் படுக்கை இல்லாதவர்களும் ஏறி நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது கழிவறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு.

ரயிலில் கிடைக்கிற இன்னொரு உதவி சக பயணிகள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எதிர்ச் சீட்டு ஆச்சி கேட்டுவிடுவார்: "பிள்ளைக்குப் பல்லு வருதா தாயி? இங்க தா, நான் கொஞ்ச நேரம் வச்சிக்கிடுதேன். நீ சாப்பிட்டு முடி." அந்தப் பத்து நிமிஷத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ரெண்டு கையாலும் சாப்பிடுகிற நிம்மதியைக் காரும் விமானமும் தராது. பிள்ளையைக் கண்ணெதிரே மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், தெரியாத ஆளோடு கதவுப் பக்கம் அனுப்பக் கூடாது. வழியில் உதவி வேண்டுமென்றால் 139.

வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது. எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, சுத்தமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. ரெண்டு வயசுக்கு அது ஒத்துவராது. நாற்காலிதான், படுக்கை இல்லை. பிள்ளைக்குத் தனிச் சீட்டு வாங்காவிட்டால் மடியிலேயே எட்டு மணி நேரம். சென்னையில் பிற்பகல் கிளம்புவதால் மதியத் தூக்கம் கெடும். நெல்லையில் இறங்க ராத்திரி பத்தரையை ஒட்டி ஆகிவிடும். அந்த நேரத்துக்குப் பிள்ளை அழுது ஓய்ந்திருக்கும். திருச்சி வரை, அதிகம் போனால் மதுரை வரை போகிறவர்களுக்கு நானே இதைச் சிபாரிசு செய்வேன். நெல்லையிலிருந்து திரும்பும்போது அதிகாலையில் புறப்படுவதால் முதல் ரெண்டு மணி நேரத்தைத் தூக்கத்திலேயே ஓட்டிவிடலாம் என்பதும் உண்மை.

பஸ்ஸுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து தென்மாவட்ட வண்டிகளுக்குக் கிளாம்பாக்கம்தான் புறப்படும் இடம். வட சென்னையில் இருப்பவர்களுக்கு அங்கே போய்ச் சேருவதே ஒரு பயணம். அரசு பஸ்களில் ஐந்து வயசு வரை பிள்ளைக்கு டிக்கெட் இல்லை என்று 2022ல் அறிவித்தார்கள், நல்ல விஷயம். கடைசி நேரத்திலும் இடம் கிடைப்பது பஸ்ஸின் பெரிய பலம், நெல்லை ஊருக்குள் வண்ணார்பேட்டையிலேயே இறங்கிக்கொள்வது இன்னொன்று. ஆனால் கழிவறை இல்லை. விக்கிரவாண்டிப் பக்கத்து மோட்டலில் நிறுத்தினால்தான் உண்டு, அங்கேயும் டயப்பர் மாற்ற ஒரு மேஜை இருக்காது. கீழ் இரட்டைப் படுக்கை எடுத்துத் திரையை இழுத்துவிட்டால் சின்ன அறை மாதிரித்தான் இருக்கும், பிள்ளை குஷியாகிவிடும். என்னைப் பயமுறுத்துவது வேறு. நாற்கரச் சாலையில் வேகமாகப் போகிற வண்டியில் படுத்திருக்கிற பிள்ளையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. மேல் படுக்கையில் ஆட்டமும் அதிகம்.

குமட்டல் பிரச்சினையும் இங்கேதான் அதிகம். ரெண்டு வயசுக்குள் பயணக் குமட்டல் அபூர்வம். அதற்குப் பிறகு பன்னிரண்டு வயசு வரைதான் அது உச்சத்தில் இருக்கும். போன வருஷம் ஒன்றும் செய்யாத பிள்ளை இந்த வருஷம் வாந்தி எடுப்பது இதனால்தான். அதைச் சமாளிக்கவோ, பிள்ளை தூங்கட்டும் என்றோ இருமல் மருந்தையும் சளி மருந்தையும் சிலர் வீட்டிலிருந்தே கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ப்ரோமெத்தசின் போன்ற மருந்தை ரெண்டு வயசுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சையே அடக்கிவிடக் கூடியது. அதற்கு மேற்பட்ட வயசிலும் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

கார் எல்லாருக்கும் சௌகரியமாகத் தெரிகிறது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஐஸ் பெட்டியில் தயிர்சாதம் வைக்கலாம், ஊரில் போய் இறங்கிய பிறகும் வண்டி கையில் இருக்கும். இந்தச் சௌகரியமெல்லாம் பிள்ளைக்குத் தனி இருக்கை பொருத்திய காருக்கு மட்டும்தான். மடியில் வைத்துக்கொண்டு, அதுவும் முன்சீட்டில், போகிற குடும்பங்களைப் பரனூர் சுங்கச்சாவடியில் நின்றாலே வரிசையாகப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 12 கிலோ பிள்ளை சில நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடிக்காது. முன்சீட்டில் காற்றுப்பை விரிந்தால் பிள்ளையின் முகத்தில்தான் அறையும். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயசுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும் என்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் வாங்குங்கள். அந்த இருக்கை இடம் கொடுக்கிற எடை வரை, குறைந்தது ரெண்டு வயசு முடிகிற வரை, பின்பக்கம் பார்த்தபடியே பிள்ளையை உட்கார வையுங்கள். அந்த வயசில் தலை பெரிது, கழுத்து இளசு. மோதலின் வேகத்தை முதுகு முழுக்கத் தாங்க வேண்டும்.

அப்படி உட்கார வைத்தால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி ஓடவிட வேண்டியிருக்கும். 600 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்கிற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. திருச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள், அதுதான் ஏறக்குறைய நடுவழி. அப்படிப் பிரித்துக்கொண்டால் கார் பயணம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். மறுநாள் மதுரை தாண்டியதும் சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு, கோவில்பட்டி கடலை மிட்டாய். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்தான், பெரியவர்கள் ஆசைதீரச் சாப்பிடலாம். நாலு வயசுக்குள் முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அதுவும் ஓடுகிற காரில் பின்சீட்டில் என்றால் உடனே கவனிக்கவும் முடியாது. பிள்ளைக்கு வாழைப்பழம் போதும். வாடகைக் கார் என்றால் குழந்தை இருக்கை இருக்காது. நம்முடையதையே கொண்டுபோய் மாட்ட வேண்டும்.

விமானம் ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மட்டும் சரி. ரெண்டு வயசு முடியாத பிள்ளை மடியில் போகலாம், சிறு கட்டணம்தான். முடிந்துவிட்டால் தனிச் சீட்டு, கிட்டத்தட்டப் பெரியவர் கட்டணம். போகும்போது ரெண்டு முடியாமல் வரும்போது முடிந்திருந்தால் திரும்பும் டிக்கெட்டில் சீட்டு வாங்கியாக வேண்டும். பிறந்தநாளை ஊரில் கொண்டாடப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். பிள்ளைக்கான பால், வெந்நீர், கஞ்சியைப் பாதுகாப்புச் சோதனையில் விடுவார்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்திலிருந்து நெல்லை 30 கிலோமீட்டர் சொச்சம்தான். 2025 ஜூலையில் அங்கே புது முனையமும் வந்துவிட்டது. பறக்கும் நேரம் ஒன்றரை மணி என்றாலும் வீட்டிலிருந்து வீடு வரை ஐந்து மணி நேரம் ஆகும். இறங்கும்போது காதடைத்து வீறிடும் பிள்ளைக்குப் பாலோ தண்ணீரோ உறிஞ்சக் கொடுத்தால் அடைப்பு விடும். விமானம் தரையைத் தொடும் நேரத்தில் கொடுத்துப் பயனில்லை, கீழிறங்கத் தொடங்கும்போதே, சுமார் இருபது நிமிஷம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். மதுரைக்குப் பறந்து அங்கிருந்து காரில் போவது மலிவாகத் தெரியலாம். ஆனால் பிள்ளை களைத்துப்போன நேரத்தில் இன்னொரு 150 கிலோமீட்டர் அளவுக்குச் சாலைப் பயணம் பாக்கி இருக்கும்.

ஆகவே என் வரிசை: கீழ்ப் படுக்கையோடு ராத்திரி ரயில், ரெண்டு வயசுக்குள் இருந்து அவசரமும் இருந்தால் தூத்துக்குடி விமானம், குழந்தை இருக்கையும் திருச்சித் தங்கலும் உண்டென்றால் கார். ராத்திரி ரயில் கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸுக்குப் போவதற்கு முன், பகலில் எழும்பூரிலிருந்து நெல்லை வழியாகப் போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸைப் பாருங்கள். மெதுவான வண்டிதான், போய்ச்சேர ராத்திரியாகும். ஆனால் பகலிலும் படுக்கை உண்டு, நடைபாதை உண்டு, ஜன்னலில் பார்க்க மாடும் குளமும் வந்துகொண்டே இருக்கும். அதிலும் இடமில்லையென்றால் ஒரு நாள் தள்ளிப் போங்கள். ஊரில் ஆச்சியும் தாத்தாவும் காத்திருப்பார்கள்.