புள்ளி தெரியாத எல்இடி ட்யூப் விளக்கு: சாதா ஸ்ட்ரிப், சிஓபி, பிக்சல், நியான், எது சரி?

ஹால் மூலையில நிக்க வைக்கிற மாதிரி 2 அடி ட்யூப் அஞ்சு வச்சு ஒரு விளக்கு செஞ்சேன். கடையில "இது ஒரே சீரா எரியும் சார்"னு சொல்லிக் குடுத்த சாதா ஸ்ட்ரிப்பை (எல்இடி வரிசையா பதிச்ச நாடா) உள்ள விட்டு முதல் தடவை எரிய வச்சப்போ, இடைவெளி விட்டுத் தொடுத்த மல்லிச்சரம் மாதிரி புள்ளி புள்ளியா தெரிஞ்சுது, ரொம்ப மனசு விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வகையா வாங்கி ஒரே சைஸ் ட்யூப்ல போட்டுப் பார்த்தேன்.

முதல்ல ஒரு கணக்கு, இது புரிஞ்சா பாதி பணம் மிச்சம். மீட்டருக்கு 60 எல்இடின்னா ஒரு எல்இடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமார் 16.7 மிமீ. எல்இடில இருந்து ட்யூப் சுவர் வரைக்கும் உள்ள தூரம் குறைஞ்சது அந்த அளவாவது இருக்கணும், இல்லன்னா புள்ளி தெரியும். சுமார் 26 மிமீ ட்யூப்ல நடுவுல ஸ்ட்ரிப்பை நிறுத்தினா சுவர் வரைக்கும் 10 மிமீ-தான் கிடைக்கும், அதனாலதான் எனக்கு மல்லிச்சரம் ஆச்சு. அதே ஸ்ட்ரிப்பை ட்யூபோட பின் சுவர்ல ஒட்டினா முன்பக்கத்துக்கு 20 மிமீ கிட்ட கிடைக்குது, முன்னாடி இருந்து பார்க்க நல்லாவே இருக்கு, ஆனா பின்பக்கம் இருட்டு. சுவரை ஒட்டி வைக்கிற விளக்குன்னா இதுவே போதும், வேற எதுவும் வாங்கவே வேண்டாம்.

மீட்டருக்கு 120 உள்ளது 8.3 மிமீ இடைவெளி, நடுவுல வச்சாலும் பரவாயில்ல. கிட்ட போய் உத்துப் பார்த்தா லேசா அலை அலையா தெரியும், அவ்வளவுதான்.

சிஓபி ஸ்ட்ரிப் (சிப் ஆன் போர்டு, அதாவது சிப்பையே நேரா நாடா மேல ஒட்டினது) இந்தப் பிரச்சனையவே வேரோட எடுத்துடுது. மீட்டருக்கு 320, 480ன்னு குட்டிக் குட்டி சிப், அது மேல முழு நீளத்துக்கும் நீல வெளிச்சத்தை வெள்ளையா மாத்துற மஞ்சள் பாஸ்பர் பூச்சு, அதனால வெறும் ஸ்ட்ரிப்பே ஒரு கோடா எரியுது. 10 மிமீ அகல அலுமினியப் பட்டையில முதுகோட முதுகா ரெண்டு பக்கமும் ஒட்டினா ட்யூப் சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். ஆனா இதை ரொம்ப பதமா கையாளணும், முறுக்கினாலோ கட்டை விரலால மேல அழுத்தி ஒட்டினாலோ உள்ள சிப் போயிடும், அந்தத் துண்டு மட்டும் கருப்பா நிக்கும். நான் ஒரு மீட்டர் அப்படித்தான் இழந்தேன். ரெண்டு துண்டை சோல்டர் பண்ணி இணைச்சா அந்த இடத்துலயும் ஒரு கருப்பு வளையம் தெரியும், அதனால ஒரு ட்யூபுக்கு ஒரே துண்டா வெட்டிக்கோங்க.

கலர் ஓடணும், அலை மாதிரி நகரணும்னா பிக்சல் ஸ்ட்ரிப்தான் வழி, அதாவது ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியா கட்டுப்படுத்த முடியிற டபிள்யூஎஸ்2812பி. 5 வோல்ட். முழு வெள்ளையில ஒரு எல்இடி 60 மில்லிஆம்பியர் வரைக்கும் இழுக்கும்னு கணக்கு வச்சுக்கணும், மீட்டருக்கு 60ன்னா 3.6 ஆம்பியர், 144ன்னா 8.6 ஆம்பியர். மூடின ட்யூபுக்குள்ள அந்தச் சூடு எங்க போகும்? கலரா, குறைஞ்ச வெளிச்சத்துல ஓட்டினா ரொம்ப அழகு, படிக்கிற வெளிச்சத்துக்கு வேண்டாம். ரெண்டு முனையிலயும் கரண்ட் குடுங்க, இல்லன்னா கடைசியில வெள்ளை சிவந்து போகும்.

நியான் ஃப்ளெக்ஸ்ல (நியான் விளக்கு மாதிரி தெரியிற, வளையிற எல்இடி பட்டை) பால் நிற சிலிக்கோன் உறை கூடவே வருது, ட்யூபே தேவையில்ல. எழுத்து வளைக்க, வட்டம் போட அருமை. நேரா நிக்கிற ட்யூபுக்கு ஒத்து வராது, பொதுவா ஒரு பக்கம்தான் எரியும், ஒரு திசையிலதான் வளையும்.

அக்ரிலிக் கம்பியோட முனையில வெளிச்சம் விடுற முறையையும் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச இடத்துலதான் வெளிச்சம் வெளிய வரும், 1 அடிக்கு நல்லா வந்துச்சு, 2 அடியில நடுப்பகுதி மங்கிடுச்சு.

இப்போ ட்யூப், என் அனுபவத்துல ஸ்ட்ரிப்பை விட இதுதான் முக்கியம். தெளிவான அக்ரிலிக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா புள்ளி மறையாது, மேல் தோல்ல மட்டும்தான் வெளிச்சம் கொஞ்சம் சிதறும். பட்டர் பேப்பரை சுருட்டி உள்ள விட்டா பரவாயில்ல, ஆனா பேப்பரோட ரெண்டு ஓரமும் சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியும். பால் வெள்ளை அக்ரிலிக்தான் ராஜா, பொருள் முழுக்கவே வெளிச்சத்தை சிதறடிக்குது, அணைச்சு வச்சாலும் உள்ள இருக்கிற ஸ்ட்ரிப் அசிங்கமா தெரியாது. அது கிடைக்கலன்னா, ஃப்யூஸ் போன பிளாஸ்டிக் எல்இடி ட்யூப்லைட்டோட பால் நிற மூடி இருக்கே, அதைக் கழட்டி வச்சுக்கோங்க, பாதி வட்டம்தான்னாலும் அருமையா வேலை செய்யுது. பழைய கண்ணாடி ட்யூப்லைட்டை மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு.

என் முடிவு: ஒரே நிறம் போதும்னா 12 வோல்ட் சிஓபி, 3000 கெல்வின் (இதமான மஞ்சள் வெள்ளை), பால் வெள்ளை அக்ரிலிக், நடுவுல அலுமினியப் பட்டை. கலர் ஓடணும்னா கொஞ்சம் பெரிய ட்யூப் எடுத்து பிக்சலை பின் சுவர்ல ஒட்டுங்க. ரெண்டையும் ஒரே விளக்குல பண்ண நினைக்காதீங்க.

கடைசியா சூட்டுக்கு ஒண்ணு. எஸ்எம்பிஎஸ் பெட்டியில (230 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்துற பவர் சப்ளை) வோல்டேஜ் திருகு இருந்தா, மல்டிமீட்டர் வச்சுப் பார்த்து 12ல இருந்து 10.5 கிட்ட இறக்குங்க. 12 வோல்ட் ஸ்ட்ரிப்ல பொதுவா மூணு எல்இடி சேர்ந்து 9 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம்தான் கரண்டைக் கட்டுப்படுத்துற ரெசிஸ்டருக்கு, அதனால ஒன்றரை வோல்ட் குறைச்சாலே கரண்ட் கிட்டத்தட்ட பாதியாயிடும். என் விளக்கு சாயங்காலம் ஆறு மணியில இருந்து ராத்திரி வரைக்கும் எரியுது, ட்யூபைத் தொட்டா வெதுவெதுப்பு மட்டும்தான். திருகைத் தொடும்போது 230 வோல்ட் பக்கம் கை போகாம பார்த்துக்கோங்க, பெட்டிக்கு எர்த் கண்டிப்பா குடுங்க.