லைட்ஏஸ் வானின் 5கே எஞ்சின்: ஸ்டார்லெட்டுக்கு ஏற்ற தெரிவு

ரொயோட்டா ஸ்டார்லெட் கேபி61 போன்ற எடை குறைந்த காரை அன்றாடப் பாவனைக்கும் கால் மைல் வேகப் போட்டிக்கும் ஆயத்தம் செய்வோருக்கு, லைட்ஏஸ் வானிலிருந்து கழற்றிய 5கே எஞ்சினைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஸ்டார்லெட்டின் சொந்த 4கே எஞ்சின், இந்த 5கே இரண்டிலும் பிஸ்டன் ஓட்டம் 73 மில்லிமீற்றர்தான். சிலிண்டர் விட்டம் 75 இலிருந்து 80.5 ஆக விரிவதால் 1290 சிசி 1486 சிசியாகிறது. ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் பழைய கியர்பொக்ஸுடனேயே பொருந்தியது.

மட்டக்களப்பு திருகோணமலை வீதியில் நான் வாங்கிய கடைக்காரர், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றிச் சிலிண்டர் சுவரின் மேல்விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்க அனுமதித்தார். அங்கே படி தட்டுப்பட்டால் தேய்மானம் அதிகம். அந்தப் பொறுமைக்காகவே அவரிடம் மீண்டும் போவேன். ஆனால் அளவுத்தாள் எதுவுமின்றி ஒரு ‘ரேஸ்’ கேம்சாப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) அவர் வற்புறுத்தியதை ஏற்க முடியவில்லை. வால்வு எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறக்கும் என்று தெரியாமல் அதற்கேற்ற வால்வு ஸ்பிரிங் தெரிவுசெய்ய இயலாது. எண்ணெய் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ரோலிக் டப்பட் உள்ள 5கேயில் கடுமையான கேம் இன்னும் ஆபத்தானது.

காபுரேற்றருக்கு இரண்டு துளைகள் கொண்ட வெபர் 32/36 போதும். சந்தை நெரிசலில் 32 மில்லிமீற்றர் துளை மட்டும் திறந்து பெற்றோலை மிச்சப்படுத்துகிறது, பெடலை ஆழமாக அழுத்தும்போதுதான் 36 திறக்கிறது. இங்கே பெரும்பாலும் ஒக்டேன் 92 பெற்றோலே ஊற்றுவதால், ஹெட்டை அளவுக்கு மீறிச் சீவி அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். வெயிலில் எஞ்சின் தட்டத் தொடங்கும்.